கையில் காசு குறைவு. நல்ல டெமோ பதிவு செய்து என் பாட்டை எப்படிப் பலரிடம் கொண்டுபோவது?

சொந்தமாக எழுதிய பாடல்கள் இருக்கின்றன, ஸ்டுடியோ வாடகைக்குப் பணமில்லை, வீட்டில் பதிவு செய்ததை அனுப்பினால் யாராவது மதிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். மதிப்பார்கள். வீட்டில் சின்னதாக ஓர் அமைப்பு வைத்து மற்றவர்களின் பாடல்களை மிக்ஸ் செய்து, அதாவது குரலையும் இசையையும் அளவாகக் கலந்து, கொடுப்பதுதான் என் வேலை. ஒரு டெமோவை முழுக்கக் கேட்பதா பாதியில் விடுவதா என்பதை மைக்கின் விலை தீர்மானித்து நான் பார்த்ததில்லை. குரல் தெளிவாக இருக்கிறதா, பாட்டு சீக்கிரம் விஷயத்துக்கு வருகிறதா, இந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

அதனால் மைக் வாங்கும் முன் அறையைச் சரிசெய்யுங்கள். அறையின் நடுவில் நின்று பலமாக ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள். தட்டல் நின்ற பிறகும் ‘ட்ரிங்’ என்று ஒரு உலோகச் சத்தம் தொடர்ந்தால், எதிரெதிர் வெற்றுச் சுவர்களுக்கு நடுவே ஒலி மாறி மாறி மோதுகிறது என்று அர்த்தம். அது உங்கள் குரலோடு ஒட்டிக்கொண்டு பதிவாகும். எதிரொலி வேண்டுமென்றால் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம், பதிவிலேயே வந்துவிட்டதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. மெத்தை, கனமான போர்வை, துணிகள் நிறைந்த திறந்த அலமாரி, இவை போதும். பலரும் மைக்குக்குப் பின்னால் எதையாவது தொங்கவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பாடுகிறவரின் முதுகுப் பக்கம்தான் முக்கியம், ஏனென்றால் மைக் பார்த்துக்கொண்டிருப்பது அந்தத் திசையை. முட்டை அட்டைகளை ஒட்டுவது வீண் வேலை. அவ்வளவு மெல்லிய அட்டை கீழ் ஸ்தாயி ஒலி எதையும் உறிஞ்சாது.

அறை சுமார்தான் என்றால், நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் மலிவான கண்டென்சர் மைக்கைவிட, மேடைகளில் பயன்படும் வகையான டைனமிக் மைக் நல்லது. கண்டென்சர் மூச்சையும் கேட்கும், பக்கத்து அறைப் பேச்சையும் கேட்கும். ஷூர் எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக்குகள் 1966 முதல் மேடைகளில் அடிபட்டுத் தேறியவை. நல்ல நிலையில் இருந்தால் பழையதே வாங்கலாம். அதோடு, மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று (இரண்டு உள்ளீடு உள்ளது), காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன். மென்பொருளுக்குச் செலவே வேண்டாம்: ஆடாசிட்டி இலவசம், ஆப்பிள் கணினி இருந்தால் காரேஜ்பேண்ட் இலவசம்.

மென்பொருளின் அமைப்பில் பதிவின் தரத்தை 24 பிட் என்று வையுங்கள். ஒலி அளவு பார்க்கும்போது பல்லவியை மெதுவாகப் பாடிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பாட்டிலேயே உச்சமாகப் பாடும் வரியை முழுத் தொண்டையோடு பாடி, மீட்டர் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். மீட்டரின் உச்சமான பூஜ்ஜியத்தைத் தொட்டு வெடித்த குரலைக் காப்பாற்றுவது ரொம்பக் கஷ்டம். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். ‘ப’ வருகிற இடங்களில் காற்று மோதி ‘தொப்’ என்று கேட்டால், மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றே பக்கவாட்டுக்கு நகர்த்துங்கள். அப்புறம், ஒவ்வொரு வரியாக வெட்டி வெட்டிப் பதிவு செய்ய வேண்டாம். முழுப் பாட்டையும் சில தடவை பாடிவிட்டு, நல்ல வரிகளை அவற்றிலிருந்து பொறுக்கிச் சேருங்கள். பாடுகிறவர் பாட்டுக்குள் இருக்கிறாரா என்பது அப்போதுதான் தெரியும். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அது முக்கியம்.

மூன்று பாடல்கள் போதும், சிறந்தது முதலில். முன்னிசையைப் பத்து விநாடிக்குள் முடியுங்கள். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு கேட்பாகக் கணக்காகிறது. டெமோ கேட்பவரின் பொறுமையும் அதைவிடக் கூடுதலாக இருக்காது. மிக்ஸில் குரலை முன்னால் வையுங்கள். சத்தத்தைக் கூட்டிக் கூட்டி நசுக்குவதில் லாபமில்லை, ஸ்பாட்டிஃபை எப்படியும் சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (பாட்டின் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் குறைத்துத்தான் ஒலிக்கவிடுகிறது. முடித்ததும் உங்கள் வரிகளை அறியாத ஒருவரிடம் ஃபோன் ஸ்பீக்கரில் போட்டுக்காட்டி, கேட்டதை எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே மிக்ஸையோ உச்சரிப்பையோ சரிசெய்ய வேண்டும்.

இனி, கொண்டுபோவது. நூறு பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்புவதைவிட, உங்கள் வகைப் பாடல்களை ஏற்கெனவே வெளியிடும் பத்துப் பேரைத் தேடி எழுதுவது பலன் தரும். அவர்கள் செய்த எந்த வேலை உங்கள் பாட்டுக்குப் பக்கத்தில் வருகிறது என்று ஒரு வரி, நீங்கள் யார் என்று ஒரு வரி, உள்நுழையாமலே ஓடக்கூடிய ஒரு இணைப்பு. கோப்பை இணைத்து அனுப்பாதீர்கள். இணைப்பைத் திறந்தால் முதல் பாட்டு உடனே ஓட வேண்டும். கோப்பைப் பதிவிறக்க நேர்ந்தால் அதன் பெயரிலேயே உங்கள் பெயரும் பாட்டின் பெயரும் இருக்கட்டும். ‘ஃபைனல் மிக்ஸ் 3’ என்ற பெயரில் வந்த பாட்டு யாருடையது என்று அடுத்த வாரம் யாருக்கும் நினைவிருக்காது.

நீங்களாகவே வெளியிடுவதானால், உங்கள் பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் ஏற்றித் தரும் டிஸ்ட்ரிபியூட்டரிடம் வெளியீட்டுத் தேதியைச் சில வாரம் தள்ளிக் குறியுங்கள். ஸ்பாட்டிஃபை கலைஞர்களுக்கென வைத்திருக்கும் ‘ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ பக்கம் வழியாக அவர்களின் ப்ளேலிஸ்ட் குழுவிடம் பாட்டை முன்வைக்க, அது வெளிவரும் முன்பே கொடுத்தாக வேண்டும், குறைந்தது ஏழு நாள் முன்னதாகக் கொடுக்கச் சொல்கிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு இத்தனை ஆயிரம் கேட்பு உறுதி என்று சொல்கிறவர்களிடம் போகவே போகாதீர்கள். போலிக் கேட்பு பிடிபட்டால் தளம் உங்கள் பாட்டையே நீக்கிவிடக்கூடும்.

இணையத்தில் எடுத்த பீட் (தயாராகக் கிடைக்கும் பின்னணி இசை) மீது பாடியிருந்தால் அதன் உரிம விதிகளை வெளியிடும் முன் முழுக்கப் படியுங்கள். அதே பீட்டை வேறு பத்துப் பேரும் வாங்கியிருக்கலாம், அப்போது யூடியூபில் ஒலியை ஒப்பிட்டு உரிமையாளரைக் கண்டுபிடிக்கும் கன்டென்ட் ஐடி உங்கள் பாட்டை அவர்களில் ஒருவருடையது என்று பிடித்துக்கொள்ளக்கூடும். நண்பர்கள் சேர்ந்து இசையமைத்திருந்தால், யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பாட்டுக்கு ஒரு ரூபாய்கூட வராத இந்தக் கட்டத்தில் அதைப் பேசுவது சுலபம்.