கடிதத்தில் ஆர் 62.0, பாரத்தில் ஆர் 62.8: எது சரி?

கேள்வி: என் மகனுக்கு 19 மாதம். இன்னும் தனியாக நடக்கவில்லை, எடையும் குறைவு. அரசு மருத்துவமனைக் கடிதத்தில் 'ஆர் 62.0' என்றும், தனியார் மருத்துவமனையின் காப்புறுதிப் பாரத்தில் 'ஆர் 62.8' என்றும் இருக்கிறது. யார் செய்த தவறு இது? ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டைக்கு இடைஞ்சலாகுமா?
– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம், சகோதரி. நோய்களுக்கும் அறிகுறிகளுக்கும் எண் தரும் அனைத்துலகப் பட்டியலான ஐசிடி-10 தொகுப்பில் ஆர் 62.0 என்பது நடக்கவோ பேசவோ தாமதமாகும் பிள்ளைக்கு. எடை ஏறாதது, வளர்ச்சி குன்றியது ஆர் 62.8-இல் அடங்கும். உங்கள் மகனுக்கு இரண்டும் இருப்பதால், ஒருவர் நடையைக் குறித்திருக்கிறார், மற்றவர் எடையை. இணையத்தில் தேடினால் ஆர் 62.51 என்றும் வரும். அது அமெரிக்கப் பதிப்பின் எண், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

'ஆர்' எண்கள் எல்லாம் 18-ஆம் அத்தியாயத்தைச் சேர்ந்தவை. அது அறிகுறிகளுக்கான அத்தியாயம். காய்ச்சலுக்கும் (ஆர் 50) அங்கேதான் இடம். காரணம் தெரியாதவரை இந்த எண் போதும். தெரிந்ததும் மாற்ற வேண்டும்: பிறவித் தைராய்டு குறைபாடு என்றால் இ 03 வரிசை, ரிக்கெட்ஸ் (எலும்பு மென்மையாகும் நோய்) என்றால் இ 55.0, பெருமூளை வாதம் என்றால் ஜி 80. சத்துக்குறைவால் வளர்ச்சி பின்தங்கினால் இ 45; அதை ஆர் 62-இல் போடவே கூடாது. இரத்தப் பரிசோதனை முடிவு வந்தபின்னும் பழைய எண்ணே கடிதத்துக்குக் கடிதம் நகலாவதுதான் நாம் அடிக்கடி காணும் கோளாறு.

எண்ணைவிட முக்கியம், வயதைச் சரியாகக் கணக்கிட்டார்களா என்பது. நிறைமாதம் 40 வாரம் என்பதால், மகன் 32 வாரத்தில் பிறந்திருந்தால் 8 வாரத்தைக் கழிக்க வேண்டும். 19 மாதம் சுமார் 17 மாதமாகிவிடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவீட்டில் தனியாக நடக்கும் காலம் 8.2 முதல் 17.6 மாதம் வரை. அப்படியானால் அவன் இன்னும் எல்லைக்குள்தான் இருக்கிறான்! நிறைமாதக் குழந்தை என்றால் எல்லை தாண்டிவிட்டது, பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். எடையிலும் ஒரு நாள் அளவை வைத்து முடிவு கட்ட முடியாது. கிளினிக் தந்த குழந்தை நலப் புத்தகத்தின் வரைபடத்தில், புள்ளிகள் மாதத்துக்கு மாதம் கோட்டைவிட்டு இறங்குகின்றனவா என்று பாருங்கள்.

ஓகேயு பதிவில் சமூக நல இலாகா பார்ப்பது மருத்துவர் உறுதிசெய்யும் குறைபாட்டு வகையை. ஐசிடி எண் அங்கே பெரிய விஷயமில்லை. காப்புறுதியில்தான் எண் பேசும். பல திட்டங்கள் பிறவிக் குறைகளை ஏற்பதில்லை. பிறவிக் குறைகளுக்கான 'கியூ' எண் வந்தால் கோரிக்கை நின்றுபோகலாம். அதற்காக எண்ணை மாற்றச் சொல்லி மருத்துவரை நச்சரிக்காதீர்கள், அது பொய்ச் சான்றிதழ் கேட்பதற்குச் சமம். பாரத்தில் ஆர் 62.0, 62.8 இரண்டையும், பிறந்த வாரத்தையும், 'காரணம் ஆராயப்படுகிறது' என்ற ஒரு வரியையும் எழுதித் தரும்படி கேளுங்கள்.