குழந்தைகளுக்குப் பல் கூடுதலாகவோ குறைவாகவோ இருப்பது எந்த அளவுக்குப் பரவலானது?

எட்டு வயது மகனின் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே கூம்பு வடிவில் சிறிய பல் ஒன்று முளைத்திருப்பதாகவும், இது அரிதானதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது. நிலைப்பற்கள் முளைக்கும் பருவத்தில், நூற்றில் ஒன்று முதல் மூன்று குழந்தைகளுக்கு மிகைப்பல், அதாவது வழக்கமான எண்ணிக்கைக்கு மேற்பட்ட பல், இருக்கிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் ஏறத்தாழ இரு மடங்கு அதிகம். மிகைப்பற்களிலும் நடுவில் முளைக்கும் இந்த வகைதான் மிகுதி.

பல் உருவாகாமலே போவது இதைவிடப் பரவலானது. ஞானப்பல்லைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும், நூற்றில் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒரு நிலைப்பல்லாவது இருப்பதில்லை. பெரும்பாலும் கீழ்த்தாடையின் இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லோ மேல்தாடையின் பக்கவாட்டு வெட்டுப்பல்லோதான் அவ்வாறு விடுபடுகிறது. பால்பற்களில் இக்குறை மிக அரிது. ஆனால் ஒரு பால்பல் பிறவியிலேயே இல்லையென்றால், அந்த இடத்து நிலைப்பல்லும் முளைக்காமல் போகும் வாய்ப்பு மிக அதிகம் என்பதைப் பெற்றோர் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

உங்கள் மகனைப் பொறுத்தவரை, எண்ணிக்கையைவிட முக்கியமானது அந்தப் பல் நிற்கும் இடம். அது பக்கத்துப் பற்கள் இறங்கும் வழியை அடைத்தாலோ அவற்றை விலக்கித் தள்ளினாலோ எடுத்துவிடுவதே வழக்கம். எலும்புக்குள் இன்னொன்று மறைந்திருக்கிறதா என்பதை எக்ஸ்ரேதான் காட்டும் என்பதால், வலி இல்லையே என்று தள்ளிப்போடாமல் குழந்தைகள் பல் மருத்துவரிடம் இப்போதே காட்டிவிடுங்கள்.