கம்பளி நூலும் கண்ணிக் கணக்கும்: பின்னல் கேள்விகளுக்குப் பதில்கள்

காணொளி பார்த்தே ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொண்டேன் அக்கா. இனி வகுப்பில் சேர்ந்து என்ன ஆகப்போகிறது?

புது டிசைன் கற்க வேண்டும் என்றால் காணொளியே போதும். ஆனால் காணொளியால் உங்கள் கையைப் பார்க்க முடியாது. தானாகக் கற்றவர்களிடம் அடிக்கடி காணும் பழக்கம் ஒன்று: பர்ல் (நூலை ஊசிக்கு முன்னால் வைத்துப் பின்னுவது) வரிசையில் நூலை எதிர்ப்பக்கமாகச் சுற்றுவது. அடுத்த நிட் (நூலை ஊசிக்குப் பின்னால் வைத்துப் பின்னுவது) வரிசையில் வழக்கம்போல முன்பக்கமாக ஊசியை விட்டால், அந்தக் கண்ணிகள் (ஊசியில் நிற்கும் நூல் வளையங்கள்) எல்லாம் முறுக்கிக்கொள்ளும். துணி விறைப்பாக வரும், ஏன் என்று பின்னுபவருக்குப் புரியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவர் அதை உடனே சொல்லிவிடுவார்.

சேரும் முன் ஆசிரியரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: தப்பானால் எப்படிச் சரிசெய்வது என்று கற்றுத் தருவாரா? பின்னல் தப்பும்போதெல்லாம் தானே வாங்கிச் சரிசெய்து திருப்பித் தருகிறவர் என்றால், எத்தனை வகுப்பு போனாலும் நீங்கள் அவரைத்தான் நம்பி இருக்க வேண்டும்.

பின்னல் மாதிரிக் குறிப்பில் சொன்ன அதே ஊசி, அதே நூல்தான். ஆனாலும் ஸ்வெட்டர் தொளதொளவென்று வந்துவிட்டது. அளவு பார்க்க முதலில் பின்னிய சோதனைத் துண்டில் 2 கண்ணிதான் வித்தியாசம் இருந்தது, அதனால் விட்டுவிட்டேன்.

அந்த 2 கண்ணிதான் விஷயமே. மாதிரியில் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி என்று வைத்துக்கொள்வோம். 100 சென்டிமீட்டர் மார்புச் சுற்றுக்கு 220 கண்ணி போடச் சொல்லியிருப்பார்கள். உங்கள் கைக்கு 20 கண்ணிதான் வருகிறது என்றால், அதே 220 கண்ணி 110 சென்டிமீட்டர் ஆகிவிடும். முழுசாக 10 சென்டிமீட்டர் கூடுதல்! ஒவ்வொருவரும் நூலை இழுத்துப் பிடிக்கும் அளவு வேறு. அதனால் மாதிரியில் போட்டிருக்கும் ஊசி எண்ணை ஒரு யோசனையாக எடுத்துக்கொண்டால் போதும். ஊசியை மாற்றலாம், கண்ணிக் கணக்கை மாற்றக் கூடாது. கண்ணி குறைவாக வந்தால் மெல்லிய ஊசி, அதிகமாக வந்தால் தடித்த ஊசி.

சோதனைத் துண்டை எப்படிப் பின்னுகிறோம் என்பதிலும் நிறைய இருக்கிறது. பக்கத்துக்கு 15 சென்டிமீட்டராவது இருக்கட்டும். ஓரக் கண்ணிகளை விட்டுவிட்டு நடுவில் அளவெடுங்கள். அதற்கு முன் ஸ்வெட்டரைத் துவைக்கப்போகும் விதத்திலேயே துண்டையும் துவைத்துக் காயவையுங்கள். இதைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். இயந்திரத்தில் துவைக்கலாம் என்று விற்கும் சூப்பர்வாஷ் கம்பளி நூல் நனைந்ததும் நன்றாகவே நீண்டுவிடும். துவைக்காத துண்டில் எடுத்த அளவு அந்த நூலுக்கு உதவாது.

இன்னொன்று. ஸ்வெட்டரை வட்ட ஊசியில் சுற்றிச் சுற்றிப் பின்னப்போகிறீர்கள் என்றால் துண்டையும் அப்படியே பின்னுங்கள். முன்னும் பின்னுமாகப் பின்னும்போது பர்ல் வரிசை வருகிறது. பலருக்கு நிட்டைவிட பர்ல் கொஞ்சம் தளர்வாக வரும், அதனால் அளவு மாறிவிடும்.

பழைய மாதிரி ஒன்றில் 8ஆம் எண் ஊசி என்று இருக்கிறது. என்னிடம் உள்ள 8ஆம் எண்ணில் துணி வலை மாதிரி வருகிறது.

உங்களுடையது அமெரிக்க எண்ணாக இருக்கும், அது 5 மில்லிமீட்டர். பழைய பிரிட்டிஷ் கணக்கில் 8 என்றால் 4 மில்லிமீட்டர். அந்தக் கணக்கில் எண் ஏற ஏற ஊசி மெலியும், அமெரிக்கக் கணக்கில் தடிக்கும். மில்லிமீட்டரை மட்டும் நம்புங்கள்.

மாதிரியில் 500 கிராம் கம்பளி நூல் கேட்டார்கள். 500 கிராம் பருத்தி நூல் வாங்கினேன், ஒரு கை முடிவதற்குள் தீர்ந்துவிட்டது. மறுபடி வாங்கிய நூலின் நிறமும் ஒட்டவில்லை.

ஒரே கேள்வியில் இரண்டு சங்கடம். பருத்தி கனமானது. அதே தடிமனில் அதே எடைக்கு, கம்பளியைவிட நீளம் குறைவாகவே கிடைக்கும். அதனால் கிராமைப் பார்க்காமல் லேபிளில் உள்ள மீட்டரைப் பார்த்து, மொத்த நீளத்தைக் கூட்டி வாங்குங்கள்.

நிறத்துக்கு வருவோம். லேபிளில் நிற எண்ணோடு சாயத் தொகுதி எண்ணும் இருக்கும். ஒரே தொட்டியில் ஒன்றாகச் சாயம் ஏறிய நூல்களுக்குத்தான் அது ஒன்றாக இருக்கும். தேவைக்கு மேல் ஒரு கண்டு (உருண்டையாகச் சுற்றிய நூல்) சேர்த்து, ஒரே தொகுதியில் வாங்குவதுதான் வழி. இப்போது கையில் உள்ளதை வீணாக்க வேண்டாம். பாதிக் கையைப் பிரித்து, பழைய நூலில் இரண்டு வரிசை, புதிய நூலில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னுங்கள். இன்னொரு கையையும் அதேபோல் பின்னிவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும். கையால் சாயமேற்றிய நூலுக்குத் தொகுதி ஒன்றாக இருந்தாலும் நான் இப்படித்தான் செய்வேன். அதில் ஒவ்வொரு சிட்டமும் (வளையமாக முறுக்கி வைத்த நூல் கட்டு) ஒரு சாயல்.

மஃப்ளர் ஓரம் எல்லாம் சுருண்டு குழாய் மாதிரி ஆகிவிட்டது. இஸ்திரி போட்டால் சரியாகுமா?

ஆகாது. ஒரு பக்கம் முழுக்க நிட், மறுபக்கம் முழுக்க பர்ல் என்று பின்னினால் துணி சுருளத்தான் செய்யும், அது அதன் இயல்பு. கார்ட்டர், ரிப், சீட் போன்ற பின்னல்களில் நிட்டும் பர்லும் சமமாக வருவதால் தட்டையாகக் கிடக்கும். அப்புறம், நூல் அக்ரிலிக் என்றால் சூடான இஸ்திரிப் பெட்டியைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். இழை இளகித் துணி தொய்ந்துவிடும், மீட்க முடியாது.

குழந்தைப் போர்வைக்கு எந்த நூல் அக்கா? சாதாரணக் கம்பளி சுருங்கிவிடும் என்கிறார்கள்.

உண்மைதான். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடு, ஈரம், அலசல் மூன்றும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி இறுகிப்போகும். சூப்பர்வாஷ் நூலில் இந்தச் செதில்களை மழுங்கடித்து, பெரும்பாலும் மேலே மெல்லிய பூச்சும் கொடுத்திருப்பார்கள். குழந்தையின் துணிக்கு அதுவோ நல்ல அக்ரிலிக்கோ போதும். அடிக்கடி துவைக்க வேண்டிய துணிக்குக் கையால் மட்டும் துவைக்கும் நூலைப் பரிசளிப்பது பெற்றோருக்குக் கொடுக்கும் தண்டனை! பெரிய ஓட்டைகள் உள்ள லேஸ் டிசைன் வேண்டாம், பிஞ்சு விரல் மாட்டிக்கொள்ளும்.

இப்போது உங்கள் ஊசியில் என்ன ஓடுகிறது?

ஒரு வட்ட யோக் (தோள், மார்பின் மேல்பகுதியைச் சுற்றி ஒரே வட்டமாக வரும் பகுதி) ஸ்வெட்டர். மாதிரி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை, பின்னல் வடிவமைப்பாளர் எலிசபெத் சிம்மர்மனின் விகித முறையில் போகிறேன். உடலைச் சுற்றி வரும் கண்ணிதான் நூறு சதவீதம். மணிக்கட்டுக்கு அதில் 20, மேல்கைக்கு ஏறத்தாழ 33, கழுத்துக்கு 40 சதவீதம். உடலுக்கு 200 கண்ணி என்றால் மணிக்கட்டில் 40, மேல்கையில் 66, கழுத்தில் 80. மேலே சொன்ன சோதனைத் துண்டு சரியாக இருந்தால் எந்த நூலிலும் எந்த அளவிலும் இது பலிக்கும். ஒரு முறை இப்படிப் பின்னிவிட்டால் கண்ணியை வரிக்கு வரி சொல்லித் தரும் மாதிரிகள் மேல் இருக்கும் பயம் போய்விடும்.

கூடவே ஒரு ஜோடி காலுறையும் ஓடுகிறது. 75 சதவீதம் கம்பளி, 25 சதவீதம் நைலான். நைலான் இல்லாவிட்டால் குதிகால் சீக்கிரம் தேய்ந்து ஓட்டை விழும்.

தள்ளுபடி என்றால் அழகான நூலாகப் பார்த்து ஒவ்வொரு சிட்டம் வாங்கிவிடுகிறேன். அலமாரி நிறைந்துவிட்டது, எதுவும் எதற்கும் போதவில்லை.

வாங்குவதை நிறுத்தச் சொல்ல மாட்டேன், எனக்கே அந்த ஆசை உண்டு. ஆனால் ஒற்றைச் சிட்டம் வாங்கினால் காலுறை நூலாகப் பார்த்து வாங்குங்கள். 100 கிராமில் ஏறத்தாழ 400 மீட்டர் இருக்கும், பெரியவர்களுக்கு ஒரு ஜோடி வந்துவிடும். ஸ்வெட்டருக்கு என்றால் மாதிரியை முடிவு செய்த பிறகே கடைக்குப் போங்கள்.

இருக்கிற சிட்டங்களை இப்போதே கண்டாகச் சுற்றி வைக்க வேண்டாம், இறுக்கமாகச் சுற்றிய நூல் நாள்பட இழுவையிலேயே கிடக்கும். பின்னத் தொடங்கும் அன்று சுற்றினால் போதும். ஆனால் சிட்டத்திலிருந்து நேரடியாகப் பின்ன முயலாதீர்கள், சிக்கெடுப்பதிலேயே பொழுது போய்விடும். கம்பளியை அழுக்கில்லாமல், நன்றாக மூடும் பையில் வையுங்கள். பூச்சிப் புழு வியர்வையும் கறையும் பட்ட கம்பளியைத்தான் முதலில் தேடி வரும்.