ஒரு மாநிலத்தின் தேர்தலை எதிர்த்து இன்னொரு மாநிலம் வழக்குப் போட முடியுமா?

அமெரிக்காவைப் பற்றிய கேள்வி என்பதால் அந்த நாட்டை வைத்தே சொல்கிறேன். போடலாம், 2020-இல் போட்டும் பார்த்தார்கள். அந்த வாரமே தள்ளுபடியானது.

2020 அதிபர் தேர்தலில் பைடன் 306, டிரம்ப் 232 தேர்வாளர் வாக்குகள் (அதிபரைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒதுக்கிய வாக்குகள்) பெற்றிருந்தார்கள். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் டெக்சாஸ் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்) கென் பாக்ஸ்டன், பென்சில்வேனியா, ஜார்ஜியா, மிச்சிகன், விஸ்கான்சின் ஆகிய நான்கு மாநிலங்கள்மீது நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். இந்த நான்கின் 62 வாக்குகளைக் கழித்துவிட்டால் பைடனுக்கு 244-தான் மிஞ்சும், மொத்தத்தில் பாதிகூட இருக்காது. கொரோனாவைக் காரணம் காட்டித் தபால் ஓட்டு விதிகளைச் சட்டமன்றம் மாற்றாமல் அதிகாரிகளும் நீதிமன்றங்களும் மாற்றிவிட்டார்கள், அதனால் எங்கள் மக்களின் ஓட்டு மதிப்பிழந்துவிட்டது என்பது டெக்சாஸின் வாதம். அதே கொரோனாவுக்காக டெக்சாஸ் ஆளுநரும் தம் உத்தரவால் முன்கூட்டி வாக்களிக்கும் நாட்களைக் கூட்டியிருந்தார் என்பது தனிக் கதை.

மனுவில் ஒரு கணக்கும் இருந்தது. நள்ளிரவு தாண்டியும் டிரம்ப் முன்னிலையில் இருந்த நிலையில் நான்கில் எந்த ஒரு மாநிலத்திலும் பைடன் ஜெயிப்பதற்கான வாய்ப்பு, ஒன்றுக்குப் பின் 15 சுழியம் போட்ட எண்ணில் ஒரு பங்குகூட இல்லையாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான்; ஆனால் இங்கே பானையே இரண்டு. முதலில் எண்ணியவற்றில் பெரும்பகுதி நேரில் போட்ட ஓட்டு, பின்னால் எண்ணியவற்றில் பெரும்பகுதி தபால் ஓட்டு. தபாலை நம்பாதீர்கள் என்று டிரம்ப் மாதக்கணக்கில் பேசியிருந்ததால் அந்தப் பானையில் பைடனின் ஜனநாயகக் கட்சியினரின் ஓட்டுதான் அதிகம். இதை மனுவில் சேர்க்க எப்படித் துணிந்தார்கள் என்று எனக்கு இன்றும் வியப்பு. டெக்சாஸ் செய்வது நீதிமன்ற நடைமுறையைத் 'தேசத்துரோகத்தனமாக'த் தவறாகப் பயன்படுத்துவது என்று பென்சில்வேனியா பதில் மனுவில் சீறியது.

கீழ் நீதிமன்றம் எதற்கும் போகாமல் உச்ச நீதிமன்றத்துக்கே எப்படிப் போனார்கள்? இரு மாநிலங்களுக்கு இடையிலான வழக்கை முதல்முறையாகவே விசாரிக்கும் அதிகாரத்தை அமெரிக்க அரசியல் சட்டத்தின் 3-ஆம் கூறு அந்த நீதிமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. முல்லைப் பெரியாறுக்காகத் தமிழ்நாடு கேரளத்தின்மீது நம் உச்ச நீதிமன்றத்தில் நேரடியாக வழக்குப் போட்டதே, அதே வகை. அங்கும் பெரும்பாலும் ஆற்று நீரும் எல்லையும்தான் இப்படி வரும். கொலராடோ ஆற்றுக்காக அரிசோனாவும் கலிபோர்னியாவும் பல பத்தாண்டுகள் மோதின. ஆறு வற்றினால் கீழே இருப்பவனின் வயல் காயும். நஷ்டம் கண்ணுக்குத் தெரியும். பக்கத்து மாநிலத்தான் ஓட்டை எப்படி எண்ணுகிறான் என்பதில் அப்படி என்ன நஷ்டத்தைக் காட்டுவது?

நீதிமன்றமும் அங்கேயேதான் பிடித்தது. டிசம்பர் 11 அன்று வந்த உத்தரவைப் படிக்கக் காபியோடு உட்கார்ந்தேன். காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. இன்னொரு மாநிலம் தன் தேர்தலை நடத்தும் விதத்தில், நீதிமன்றம் ஏற்கத்தக்க சொந்த நலன் எதையும் டெக்சாஸ் காட்டவில்லை. ஆகவே வழக்குத் தொடரும் தகுதி இல்லை. அவ்வளவுதான். ஒன்பது நீதிபதிகளில் மூவர் டிரம்பே நியமித்தவர்கள். மோசடி நடந்ததா இல்லையா என்ற பேச்சுக்குள் உத்தரவு நுழையவே இல்லை. 'விசாரிக்காமலே தள்ளிவிட்டார்கள்' என்று டிரம்ப் ஆதரவாளர்கள் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு.

நீதிபதிகளில் அலிட்டோ, தாமஸ் ஆகிய இருவர் மட்டும் சற்று விலகி நின்றார்கள். மாநிலங்களுக்கு இடையிலான வழக்கு என்றால் மனுவை வாங்க மறுக்க நமக்கு உரிமையில்லை, வாங்கிக்கொள்ளலாம். வேறு எந்த நிவாரணமும் தரமாட்டோம் என்றார்கள். டெக்சாஸ் கேட்டதைக் கொடுக்கலாம் என்று ஒருவர்கூட எழுதவில்லை.

இது முதல் முயற்சியும் அல்ல. ஒரு மாநிலத்தில் ஜெயித்தவருக்கே அதன் தேர்வாளர் வாக்குகள் முழுவதும் என்ற முறை சிறிய மாநிலங்களை நசுக்குகிறது என்று 1966-இல் டெலவேர் என்ற சிறிய மாநிலம் நியூயார்க் உள்ளிட்ட மற்ற மாநிலங்கள்மீது வழக்குப் போட்டது. அதையும் நீதிமன்றம் ஏற்கவில்லை.

அப்படியானால் யார்தான் வழக்குப் போடலாம்? முக்கியமாகத் தோற்ற வேட்பாளர், அந்தந்த மாநிலச் சட்டப்படி, அந்த மாநில நீதிமன்றத்தில். 2000-இல் புளோரிடாவில் 537 ஓட்டு வித்தியாசத்துக்காக உச்ச நீதிமன்றம்வரை மோதிக்கொண்டவர்கள் புஷ்ஷும் அல் கோரும்தான்.