ஐப்பசிக் காய்ச்சலை முன்கூட்டியே கண்டுகொள்ள முடியுமா?

கேள்வி: தஞ்சாவூர் அருகே ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். மழை தொடங்கியதும் காய்ச்சல், இருமல் என்று பிள்ளைகள் வரிசையாகப் படுத்துவிடுகிறார்கள். பாதி வகுப்பு காலியான பிறகுதான் எங்களுக்கு உறைக்கிறது. முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா, டாக்டர்?

பதில்: உண்டு. உங்கள் வருகைப் பதிவேடே போதும். விடுப்புக்குக் காரணம் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் எழுதாமல், காய்ச்சலும் இருமலும் சேர்ந்து இருந்ததா என்று பெற்றோரிடம் கேட்டு எழுதுங்கள். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், கூடவே இருமல், தொடங்கி 10 நாளுக்குள். இவை சேர்ந்திருந்தால்தான் உலக சுகாதார நிறுவனம் அதை ஃப்ளூ போன்ற நோயாகக் கணக்கில் எடுக்கிறது. வெறும் மூக்கொழுகலையும் சேர்த்தால் எண்ணிக்கை எப்போதும் கூடுதலாகவே நிற்கும், உண்மையான ஏற்றம் அதில் மறைந்துவிடும். இருமல் இல்லாத காய்ச்சலைத் தனியே குறியுங்கள்; அதே மாதங்களில் டெங்குவும் வரும்.

வெள்ளிதோறும் வகுப்புவாரியாகக் கூட்டிப் பாருங்கள். எத்தனை பேர் என்றால் ஆபத்து என்று பொதுவான எண் எதுவும் கிடையாது. உங்கள் பள்ளியின் வழக்கமான எண்ணிக்கைதான் அளவுகோல்; முதல் ஆண்டு அதைத் தெரிந்துகொள்ளவே உதவும். இரண்டு வாரம் தொடர்ந்து ஏறினாலோ, ஒரே வகுப்பில் பலர் விழுந்தாலோ அன்றே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அரசிடம் கணக்கு இல்லாமல் இல்லை. 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் களப்பணியாளர் அறிகுறிகளையும், மருத்துவர் தாம் சந்தேகிக்கும் நோயையும், ஆய்வகம் உறுதியானதையும் தனித்தனியே பதிகிறார்கள். ஆனால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே படுத்திருக்கும் பிள்ளை இதில் எதிலும் வராது. உங்கள் பதிவேட்டில் வரும். அதனால்தான் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

வருகை குறைகிறதே என்று காய்ச்சலோடு யாரையும் வரவழைக்காதீர்கள். மாத்திரை இல்லாமலே ஒரு நாள் முழுக்கக் காய்ச்சல் விட்டிருந்தால் வரலாம். மூச்சு வாங்கினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலோ, பிள்ளை சோர்ந்து தண்ணீர்கூடக் குடிக்காவிட்டாலோ உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

பள்ளியில் கர்ப்பிணி ஆசிரியையோ, ஆஸ்துமா, சர்க்கரை உள்ளவர்களோ இருந்தால் ஃப்ளூ தடுப்பூசி பற்றி அவரவர் மருத்துவரிடம் இப்போதே பேசச் சொல்லுங்கள். ஊசி போட்டபின் எதிர்ப்புச் சக்தி உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். புரட்டாசி முடிவதற்குள் போட்டுக்கொள்வது நல்லது.