சித்தப்பா கிணற்றுத் தவளையா?

கேள்வி: எதற்கெடுத்தாலும் 'எங்க மதுரை மாதிரி வருமா' என்கிற என் சித்தப்பாவைக் கிணற்றுத் தவளை என்று சொல்லலாமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: நேரில் சொல்லிவிடாதீர்கள்! மதுரையைச் சுற்றிய கழுதைகூட வேறு ஊருக்குப் போகாது என்று நாமே பெருமையடிப்பவர்கள்தானே, ஊர்ப்பாசம் தப்பில்லை. ஆனால் பெங்களூர் மருமகள் சாம்பாரில் வெல்லம் போட்டாள் என்று, வாயில்கூட வைக்காமல் 'இதெல்லாம் ஒரு சாம்பாரா' என்று தட்டைத் தள்ளினால், அப்போது தாராளமாகச் சொல்லலாம். குண்டுச் சட்டியில் குதிரை ஓட்டுவது வேறு ரகம். அது, தனக்குத் தெரிந்த சின்ன வட்டத்துக்குள்ளேயே வேலை பார்ப்பவருக்கு. அப்புறம், நம்ம ஊர்ப் பக்கத்து ஆட்கள் அந்தக் காலத்திலேயே கிணற்றுத் தவளைகளாக இருக்கவில்லை: கீழடி அகழாய்வில் கிடைத்த சூதுபவள (செந்நிறக் கல்) மணிகளுக்கான கல் குஜராத் பக்கமிருந்து வந்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள். சித்தப்பாவைக் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். அதையும் 'எங்க மதுரை' என்பார். கீழடி சிவகங்கை மாவட்டம் என்று மட்டும் ஞாபகப்படுத்துங்கள்.