கொரிய கிம்ச்சி ஜிகேவை வீட்டில் செய்தால் கடை ருசி ஏன் வருவதில்லை?

கோஸைக் காரமாக ஊறவைத்துப் புளிக்க விடும் கிம்ச்சியைக் கொண்டு வைக்கும் கொரியக் குழம்புதான் கிம்ச்சி ஜிகே. அது வீட்டில் கடை ருசிக்கு வருவதில்லை என்று கேட்டு, நீங்கள் எழுதியனுப்பிய செய்முறையில் பெரிய தவறு எதுவும் இல்லை. பன்றி இறைச்சி, டோஃபு என்னும் சோயாப் பனீர், பூண்டு, மிளகாய்த்தூள் எல்லாம் இருக்க வேண்டிய அளவில்தான் இருக்கின்றன. ஆனால் "அன்று காலையில் வாங்கிய புது கிம்ச்சி" என்று நடுவில் ஒரு வரி வருகிறதே, கோளாறு அங்கேதான் இருக்கிறது. ஆய்வுப் பணிக்காகத் தென்கொரியாவின் தேஜோன் நகரில் தங்கியிருந்த முதல் மாதத்தில் நானும் இதையேதான் செய்தேன். சிவப்பாகவும் காரமாகவும் இருந்த, லேசாக இனித்த ஒரு வெந்நீரில் கோஸ் இலைகள் மிதந்தன. புளிப்பு போதவில்லை என்று ஒரு கரண்டி வினிகரை ஊற்றினேன். அந்த நெடி மூக்கில் ஏறியதில், சட்டியோடு கொண்டுபோய்க் கொட்ட வேண்டியதாயிற்று.

மோர்க்குழம்பு வைக்க யாரும் அன்று உறைந்த தயிரைத் தேடுவதில்லை. புளித்துப்போய், சோற்றில் பிசைந்து சாப்பிட முடியாத மோர்தான் அதற்கு வேண்டும். கிம்ச்சி ஜிகேவும் அப்படிப்பட்ட சமையல்தான். கொரியர்கள் நவம்பர் இறுதியிலிருந்து டிசம்பர் முதல் வாரங்கள் வரை, குடும்பமும் அக்கம்பக்கமும் கூடி, குளிர்காலம் முழுமைக்குமான கிம்ச்சியை மொத்தமாகப் போட்டு வைப்பார்கள். கிம்ஜாங் எனப்படும் இந்த வழக்கத்தை யுனெஸ்கோ 2013-இல் மானுட மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அப்படிப் போட்ட கிம்ச்சி, வசந்தம் வருவதற்குள், தொட்டுக்கொண்டு சாப்பிட்டால் பல் கூசும் அளவுக்குப் புளித்துவிடும். அதைத் தீர்ப்பதற்குத் தோன்றிய வழிகளில் முதன்மையானது இந்த ஜிகே. ஆறு மாதத்துக்கும் மேல் குளிரில் முதிர்ந்த கிம்ச்சிக்கு முகுன்ஜி என்று தனிப் பெயரே உண்டு, கடைகளிலும் அது தனியாகவே விற்கிறது.

வினிகர் ஏன் கைகொடுக்கவில்லை என்பதை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன். கிம்ச்சியின் புளிப்பு பெரும்பாலும் லாக்டிக் அமிலம், அதாவது தயிரில் இருக்கும் அதே புளிப்பு. கொதிக்கும்போது ஆவியாகாமல் குழம்பிலேயே தங்கிவிடும். வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலமோ ஆவியோடு கிளம்பி மூக்கைத் தாக்கும். மேலும், கிம்ச்சி நாள்பட நாள்பட, அதில் போட்ட உப்பு இறாலும் நெத்திலிச் சாறும் கரைந்து ஊறி ஒரு ஆழமான ருசியைக் கொடுக்கின்றன. குழம்புக்கு அடித்தளம் அதுதான். எந்தப் புட்டியிலிருந்தும் அதை ஊற்றிக்கொள்ள முடியாது.

நான் தங்கியிருந்த தெருவில் ஒரு சிறிய உணவகம் இருந்தது. அதை நடத்திய அம்மையாரை எல்லோரும் "இமோ" என்றே அழைப்பார்கள். தாயின் உடன்பிறந்தவளைக் குறிக்கும் சொல் அது, நாம் சித்தி என்றோ பெரியம்மா என்றோ சொல்வது போல. என் தோல்வியைச் சொல்லி, மிச்சமிருந்த கிம்ச்சியைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டவர், "இன்னும் ஒரு மாதம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். ஒரு மாதம் காத்திருக்கப் பொறுமையில்லாத நான், டப்பாவை இறுக மூடிச் சமையலறை மேடையிலேயே மூன்று நாள் விட்டுவிட்டேன். திறந்தபோது சோடா புட்டியைப் போலச் சீறி, சிவப்புச் சாறு மேடையிலிருந்து தரைவரை வழிந்தது. புளிக்கும்போது கரியமில வாயு வரும் என்பது தெரிந்தும் செய்த மடத்தனம் அது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். வாங்கிய கிம்ச்சியை முக்கால் அளவு மட்டும் நிரம்பும்படி ஒரு டப்பாவில் மாற்றி, இலைகள் சாற்றில் மூழ்கும்படி அழுத்தி, மூடியைத் தளர்வாக வைத்து, ஓரிரு நாள் வெளியில் விடுங்கள். வெயில் நாட்களில் ஒரு நாளே போதும். பிறகு குளிர்பதனப் பெட்டியில் மூன்று வாரம் இருக்கட்டும். வெள்ளைத் தண்டின் மொரமொரப்பு தளர்ந்து, இலை சற்றுக் கண்ணாடி போல ஆகி, மூடியைத் திறந்தவுடன் வாயில் நீர் ஊறினால் பதம் வந்துவிட்டது. பூஞ்சை படர்ந்தோ, அழுகிய வாடை அடித்தோ இருந்தால் தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.

மூன்று பேருக்கு முந்நூறு கிராம் புளித்த கிம்ச்சி, அதன் சாறு அரைக் குவளை, கொழுப்போடு சேர்ந்த பன்றியின் வயிற்றுப் பகுதி அல்லது தோள்பட்டை இறைச்சி இருநூறு கிராம், பாதி வெங்காயம், நசுக்கிய பூண்டு ஒரு தேக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒரு மேசைக்கரண்டி, அரைக் கட்டி டோஃபு, ஒரு வெங்காயத் தாள் ஆகியவை போதும். தண்ணீருக்குப் பதிலாக அரிசியை இரண்டாம் முறை களைந்த நீரை மூன்று குவளை எடுத்து வையுங்கள். செட்டிநாட்டில் மண்டி வைப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதே நீர், அதே காரணம். அதிலுள்ள மாவுச்சத்து குழம்புக்கு லேசான கனத்தைக் கொடுத்து, காரத்தையும் புளிப்பையும் இணைத்துப் பிடிக்கிறது. கொரியப் பாட்டிமார்களும் அதைக் கொட்டுவதில்லை என்பதைப் பார்த்தபோது எனக்கு ஊர் நினைவு வந்தது.

கனமான சட்டியில் எண்ணெய் விடாமல் இறைச்சியை முதலில் போட்டு, அதன் கொழுப்பு உருகி வந்ததும் நறுக்கிய கிம்ச்சியைச் சேர்த்து, ஏழெட்டு நிமிடம் பொறுமையாக வதக்குங்கள். பச்சைப் புளிப்பு வாசனை அடங்கி, கொழுப்பு செந்நிறமாக ஓரங்களில் பிரியும். புளிப்பு மிகவும் கூர்மையாக இருந்தால் இந்த இடத்தில் அரைத் தேக்கரண்டி சர்க்கரை போடலாம். பிறகு கிம்ச்சிச் சாறு, அரிசி களைந்த நீர், வெங்காயம், மிளகாய்த்தூள் ஆகியவற்றைச் சேர்த்துக் கொதிக்க விட்டு, தீயைக் குறைத்து அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வேக விடுங்கள். இந்த நேரத்தை மட்டும் சுருக்கக் கூடாது. புளியைக் கரைத்து ஊற்றிய பிறகு காய் வேகாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள் அல்லவா, அதே கதைதான் இங்கும்: கிம்ச்சியே புளிப்பில் ஊறியது என்பதால் தண்டு மெதுவாகத்தான் மிருதுவாகும். பத்து நிமிடத்தில் இறக்கினால் குழம்பு வேறு, கோஸ் வேறாக நிற்கும்.

உப்பைக் கடைசிவரை தொடாதீர்கள். கிம்ச்சியிலேயே இருக்கிறது, குழம்பு சுண்டச் சுண்ட அது ஏறும். இறக்குவதற்கு ஐந்து நிமிடத்துக்கு முன் பூண்டையும், தடிமனான துண்டுகளாக நறுக்கிய டோஃபுவையும் போட்டு, கரண்டியால் கிளறாமல் குழம்பை அதன் மேல் அள்ளி அள்ளி ஊற்றுங்கள். வெங்காயத் தாளைத் தூவியதும் அடுப்பை அணைத்துவிடலாம்.

மிளகாய்த்தூளைப் பற்றி ஒரு வார்த்தை. கொரியர்களின் கொச்சுகாரு நிறத்துக்கும் மெல்லிய இனிப்புக்கும் பெயர் போனது, பொடியாக அல்லாமல் கொரகொரப்பாக இருக்கும். அது கிடைக்காவிட்டால் காஷ்மீரி மிளகாயின் விதையை உதறிவிட்டு ஒன்றிரண்டாகப் பொடித்துக்கொள்ளுங்கள். குண்டூர் மிளகாயை அதே அளவில் போட்டால் காரத்தைத் தவிர வேறொன்றும் நாக்கில் நிற்காது.

பன்றி சாப்பிடாதவர்கள் எண்ணெயில் அடைத்த டூனா மீனைச் சேர்க்கலாம். கொரிய வீடுகளில் அதுவும் சர்வ சாதாரணம். அப்படியானால் கிம்ச்சியைக் கொஞ்சம் எள் எண்ணெயில் வதக்கி, மீனைக் கடைசிப் பத்து நிமிடத்தில் போடுங்கள், இல்லையென்றால் தூள்தூளாகிவிடும். சைவர்கள் கவனிக்க வேண்டியது, கடையில் விற்கும் கிம்ச்சியில் பெரும்பாலும் மீன்சாறோ உப்பு இறாலோ இருக்கும் என்பதுதான்; உறையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். கொரிய பௌத்த மடங்களில் மீனும் பூண்டும் இல்லாமல் கிம்ச்சி போடுகிறார்கள், ஆகவே சைவ ஜிகே சாத்தியமே. உலர்ந்த காளான் ஊறிய நீரை அதற்குப் பயன்படுத்தினால் இறைச்சி இல்லாத குறை அதிகம் தெரியாது.

பரிமாறுவதற்குத் துக்பேகி என்னும் கருப்பு மண்சட்டி இருந்தால் நல்லது. மேசைக்கு வந்த பிறகும் இரண்டு நிமிடம் ஓரங்களில் குமிழ் விட்டுக்கொண்டிருக்கும். இமோவின் கடையில் அந்தக் கொதிக்கும் குழம்பை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, முதியவர்கள் "ஷிவோன்ஹாதா" என்று பெருமூச்சு விடுவார்கள். குளிர்ச்சியாக இருக்கிறது என்பது அதன் நேர்ப்பொருள். நெற்றி வியர்க்க வியர்க்க அதைச் சொல்வார்கள். எனக்கு அது விளங்க ஒரு குளிர்காலம் ஆயிற்று.

மிஞ்சினால் வீணாக்காதீர்கள். மீன் குழம்பைப் போல இதுவும் மறுநாள்தான் கூடுதல் ருசி. சூடாக்கும்போது அரைக் குவளை தண்ணீர் விட்டு, டோஃபுவை மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.